பல் பதிந்த டாங்கி

கொடிகாமத்துக்கு நாம் போவதென்றால் பெரும்பாலும் மாம்பழக் காலத்திலேதான் போவோம். சந்தையிலே பேரம் பேசி, சின்னம்மா வீட்டு விறாந்தையிலே அமர்ந்து, பழத்தைத் தின்று, கொட்டையை வேலியோரம் எறிந்துவிட்டு வருவது வழக்கம். இம்முறை போனது பழத்துக்கன்று, பஞ்சாயத்துக்கு.

சின்னம்மா தொலைபேசியிலே கூப்பிட்டார். “தம்பி, நீ ஒருக்கா வந்து இவனுக்குப் புத்தி சொல்லு. செத்த நாயின்ர பேரிலை வீட்டுக்குள்ளை தாங்கி கட்டிறான்” என்றார். இவன் என்பது அவருடைய பேரன்; நமக்கு மருமகன் முறை; உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை. செத்த நாய், சென்ற மாதம் காலமான ஜிம்மி.

கேட்டவுடன் நமக்கு மெய்சிலிர்த்தது. ஜிம்மியின் ஞாபகார்த்தமாக வாயில்லாச் சீவன்களுக்குத் தண்ணீர்த் தாங்கி கட்டுகிறான் பிள்ளை என்று நினைத்துக்கொண்டோம். இது நம் நாட்டுக்குப் புதிதன்று. பிள்ளை வயிற்றோடு இறந்த பெண்ணின் பேரால் வழியோரத்தில் சுமைதாங்கி நாட்டினார்கள் எம்மூதாதையர். மாடுகள் தினவு தீர உரசிக்கொள்ள ஆவுரஞ்சிக் கல்லும், அவை நீர் குடிக்கத் தொட்டியும் கேணியும் அமைத்தார்கள். அந்த மரபு ஒரு மாணவன் உள்ளத்தில் துளிர்த்திருக்கிறது, இதைப் போய்ச் சின்னம்மா தடுக்கிறாரே என்று மனத்துக்குள் கடிந்துகொண்டு, அடுத்த நாளே பஸ் ஏறினோம்.

போய்ப் பார்த்தால், சாப்பாட்டு மேசையின் ஓரத்தில், பழைய செய்தித்தாளின் மேல், ஒரு சாண் நீளத்துக்குச் சற்றுக் குறைவான யுத்த டாங்கி நிற்கிறது! பீரங்கிக் குழல், சங்கிலிச் சக்கரம், மேல்மூடி எல்லாம் அச்சொட்டாக அமைந்த பிளாஸ்டிக் டாங்கி. பையன் அதன் வயிற்றில் கறுப்புத் தண்ணீரைத் தூரிகையால் தொட்டுத் தொட்டு விட்டுக்கொண்டிருந்தான்.

தாங்கி என்றதும் தண்ணீரை நினைத்த நம் பேதைமையை வாசகர்கள் நகைக்க வேண்டாம். உலகமே ஒருகாலத்தில் அப்படித்தான் ஏமாந்தது. முதல் உலகப் போரின்போது ஆங்கிலேயர் இந்த வாகனத்தை இரகசியமாகச் செய்தார்கள். தொழிற்சாலையிலே இதென்ன பெட்டி என்று கேட்டவர்களுக்கு, மெசப்பொத்தேமியப் பாலைவனத்துக்குத் தண்ணீர் கொண்டுபோகும் தாங்கி என்று சொல்லி வைத்தார்கள். 1916 செப்டெம்பர் 15ஆம் திகதி பிரான்சிலே சோம் போர்க்களத்தில் அது உருண்டு வந்தபோது உண்மை வெளிப்பட்டது. ஆனால் பொய்ப்பெயர் ஒட்டியபடியே நின்றுவிட்டது. குளத்துக்கும் தொட்டிக்கும் வழங்கிய சொல், கொலைக்கருவிக்கும் ஆயிற்று.

சின்னம்மாவின் முறைப்பாடு நியாயமற்றது என்று சொல்ல நம்மால் இயலவில்லை. அவர் குடியிருப்பது கண்டி வீதிக்கு மிக அருகே. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமத்துச் சனம் முழுவதும் இடம்பெயர்ந்து தென்மராட்சிக்குள் வந்தபோது, அந்த மழையிலும் நெரிசலிலும் எவரோ ஒரு குடும்பத்தின் பின்னால் வந்த நாயொன்று சின்னம்மாவின் வளவுக்குள் நின்றுவிட்டது. வந்தவர்கள் மேலே போய்விட்டார்கள், நாய் போகவில்லை. மணி என்று பேர் வைத்து வளர்த்தார்கள். 2000ஆம் ஆண்டு ஏப்ரிலில் ஆனையிறவு விழுந்தபின் தென்மராட்சியே போர்க்களமாக மாறியது. சின்னம்மா குடும்பத்தோடு பருத்தித்துறை வீதியால் வடமராட்சிக்கு ஓடினார். ஓடும்போது மணியின் கயிற்றை அவிழ்த்துவிட்டாராம். கட்டிவிட்டுப் போனால் பட்டினி; அவிழ்த்தால் அதன் விதி. 2002இல் யுத்தநிறுத்தம் வந்தபின் திரும்பிப் பார்த்தபோது, கூரை இல்லை, வேலிக் கதியால்கள் இல்லை, கிணற்றுக்கட்டு நொருங்கிக் கிடந்தது, மணியும் இல்லை. கிணற்றுக்கட்டை நொருக்கியது எது என்று கண்ணால் கண்டவர் எவருமில்லை. சின்னம்மாவுக்கு மட்டும் ஐயமில்லை. சங்கிலிச் சக்கரம் பூட்டிய எதையும், அது நிலம் உழுகிற யந்திரமாயினும் சரி, அவர் கண்ணெடுத்துப் பாரார். ஆனையிறவிலே வீதியோரம் காட்சிக்கு வைத்திருக்கும், இரும்புத்தகடு அறைந்த அந்தப் புல்டோசரைக் கடக்கும்போதெல்லாம் பஸ்ஸில் மறுபக்கம் திரும்பிக்கொள்வார்.

“செத்த நாயின்ர நினைவுக்கு உதுதானோ உலகத்திலை கிடைச்சது?” என்பது அவர் கேள்வி. நாம் பையனிடம் திரும்பினோம்.

அவன் வாயால் பதில் சொல்லவில்லை. டாங்கியைத் தூக்கி அதன் முன்பக்கத்து வலது மட்காட்டைக் காட்டினான். அதிலே நான்கு சிறு குழிகள். விளிம்பு நெளிந்து மடங்கியிருந்தது. ஜிம்மி குட்டியாக இருந்தபோது கடித்தது!

கதை இதுதான். ஆறு வருடங்களுக்கு முன் ஜெர்மனியிலிருந்து வந்த தகப்பன்வழி உறவினர் ஒருவர் இந்த டாங்கியைப் பெட்டியோடு கொடுத்தார். பையனுக்கு அப்போது பதினொரு வயது. பாதி ஒட்டி முடித்து, பசை காய நிலத்திலே வைத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போனான். ஜிம்மிக்குப் பல் முளைக்கும் பருவம். மாலையில் வந்து பார்க்கையில் மட்காட்டில் பல், சில்லு ஒன்று கட்டிலுக்கடியில், நாய்க்குட்டி வாலை ஆட்டிக்கொண்டு நிற்கிறது. பையன் அழுதான்; நாயை அடிக்கக் கையோங்கினான்; அடித்தானா இல்லையா என்பதை நமக்குச் சொல்லவில்லை. பெட்டி அலுமாரியின் மேல் ஏறிற்று. ஆறு வருடம் அங்கேயே இருந்தது. சென்ற மாதம் ஜிம்மிக்கு உண்ணிக் காய்ச்சல் கண்டு, மருந்து பாதி கேட்டுப் பாதி கேளாமல், ஒன்பதாம் நாள் மாமரத்தடியிலே இறந்துபோயிற்று. அன்றிரவே பையன் பெட்டியை இறக்கினானாம்.

புகைப்படம் எடுத்து வைத்திருக்கிறாயே, அது போதாதா என்று கேட்டோம். “படத்திலை அது சும்மா நிக்குது மாமா. இதிலைதான் அது செய்தது இருக்குது” என்றான்.

இதற்குமேல் பஞ்சாயத்துப் பேச நமக்கு நா எழவில்லை. பையன் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு, அவன் என்ன செய்கிறான் என்று பார்க்கத் தொடங்கினோம். மூன்று நாள் தங்கிவிட்டோம் என்பதையும் சொல்லிவிடுகிறோம்.

அவன் செய்தது ரஷ்ய நாட்டு டீ-34 என்னும் டாங்கியின் சிற்றுருவம். அசல், 85 மில்லிமீற்றர் பீரங்கி பூட்டிய வகை, 32 தொன் நிறையுள்ளது. குழலை விட்டு உடல் மட்டும் 6 மீற்றருக்குச் சற்று மேல். அதை 35இல் ஒரு பங்காகக் குறுக்கினால் 17 சென்ரிமீற்றருக்குச் சற்று அதிகம். ஏன் 35 என்று ஒரு கணக்கிலும் சேராத எண்ணைப் பிடித்தார்கள் என்று விசாரித்தோம். ஜப்பானிலே சிசுவோக்கா நகரத்துத் தமியா நிறுவனம், மரவியாபாரமாகத் தொடங்கிப் பின்னர் விளையாட்டு மாதிரிகளுக்கு மாறியது. 1960களின் தொடக்கத்தில் ஜெர்மன் பந்தர் டாங்கியை ஓடும் பொம்மையாகச் செய்தபோது, மோட்டாருக்கு வேண்டிய பற்றரிகள் உள்ளே அடங்க வேண்டியிருந்ததாம். அடங்கிய அளவு 35இல் ஒன்று. அந்தப் பற்றரியின் பருமன் இன்று உலகத்துக்கே அளவுகோலாகிவிட்டது. சாத்திரங்கள் பல இப்படித்தான் பிறந்திருக்கும் போலும்.

ஒட்டுவது எளிது. ஒட்டி முடித்து வர்ணம் பூசியபின் செய்யும் வேலைதான் வித்தை. கடையிலிருந்து வந்த மாதிரிப் பளபளக்கும் டாங்கி பொய்; மழையிலும் வெயிலிலும் சேற்றிலும் உழன்றதாகத் தோற்றினால்தான் மெய். அதற்காகப் புதியதைப் பழையதாக்குகிறார்கள். ‘வெதரிங்’ என்றான் பையன். நாம் மூப்பேற்றல் என்று பெயர் வைத்தோம்; அவன் சிரித்தான், ஆனால் மறுநாள் தானும் அந்தச் சொல்லையே ஆண்டான். பெல்ஜியம் நாட்டுப் பிரான்சுவா வெர்லிண்டன் என்பவர் 1970களிலும் 80களிலும் இக்கலையைப் பரப்பியவர்களில் பேர்பெற்றவராம்.

முதலில் பச்சை வர்ணம். அது காய்ந்தபின், கறுப்பும் கபிலமும் கலந்து தண்ணீர் போலக் கரைத்த வர்ணத்தை மேலே ஓடவிடுகிறான். அது மேட்டில் நில்லாது. இடுக்கிலும் மூட்டிலும் ஆணிகளைச் சுற்றியும் போய்த் தங்குகிறது. உடனே ஒவ்வொரு ஆணியும் எழுந்து நிற்பது போலத் தெரிகிறது. அடுத்தது அதற்கு எதிர்வேலை. வெளிர்நிறத்தைத் தூரிகையில் தொட்டு, கடதாசியிலே துடைத்துத் துடைத்து, ஏறத்தாழ ஒன்றுமில்லை என்றானபின் விளிம்புகளில் மெல்ல உரசுகிறான். இப்போது மேடுகள் ஒளிபெறுகின்றன. பள்ளத்துக்கு நிழல், மேட்டுக்கு வெளிச்சம். நம் கோயில் சிற்பங்களுக்கு வெயில் செய்கிற வேலையை இவன் தூரிகையால் செய்கிறான்.

பின்பு காயங்கள். பாத்திரம் துலக்கும் பஞ்சிலே ஒரு துணுக்கைக் கிள்ளி, கருங்கபில வர்ணத்தில் தொட்டு, விளிம்பில் ஒற்றினால் வர்ணம் பெயர்ந்த புள்ளிகள் தோன்றும். எங்கே வேண்டுமானாலும் ஒற்றலாமோ என்றோம். கூடாது என்றான். வீரர்கள் ஏறி இறங்கும் வழியிலே சப்பாத்து உரசும். அங்கேதான் வர்ணம் போகும். மூடியின் கைப்பிடியில் கை பட்டுத் தேயும். புகைக்குழாய் சூட்டினால் வர்ணம் எரிந்து முதலில் துருப்பிடிக்கும். சங்கிலியிலோ நிலத்தில் உராயும் முகம் வெள்ளிபோல மினுங்கும். உராயாத பக்கம்தான் துரு. நாளும் ஓடுகிற இரும்பு மினுங்கும் என்பதற்குச் சான்று தேடி எங்கும் போகவேண்டியதில்லை. கொடிகாமம் புகையிரத நிலையத்தில் நின்று தண்டவாளத்தைப் பார்த்தால் போதும். 1990 முதல் 2014 வரை யாழ்ப்பாணத்துக்குப் புகைவண்டியே ஓடவில்லை. அக்காலத்திலே தண்டவாளமும் சிலிப்பர்க் கட்டையும் மண்ணோடு மறைந்தன. இன்று புதுத் தண்டவாளத்தின் உச்சி கண்ணாடி, பக்கமெல்லாம் துரு.

காரணமில்லாத கறை ஒன்றுகூட இருக்கக் கூடாது என்பது பையனின் விதி. எந்தப் புள்ளியைத் தொட்டுக் கேட்டாலும், இது இன்னதால் வந்தது என்று சொல்லவேண்டும். அப்படியானால் இந்தப் பற்குறிக்கு என்ன காரணம் சொல்வாய் என்று மடக்கினோம். டீ-34 டாங்கிகளின் பழைய புகைப்படங்கள் சிலவற்றைக் கையடக்கப்பேசியில் எடுத்துக் காட்டினான். மதிலிலும் மரத்திலும் மோதி, முன் மட்காட் நெளிந்து சுருண்டு கிடக்கிறது. “பாக்கிறவைக்கு அது மோதினது. எனக்கு ஜிம்மி” என்றான். அந்த நான்கு குழிக்குள்ளும் மிகமெல்லிய துருவை வைத்தான், நிரவவில்லை.

டாங்கிக்கும் நாய்க்கும் முன்னமே உறவுண்டு என்பதையும் அவனிடமே அறிந்தோம். போலந்து நாட்டிலே 1966இல் தொடங்கிய தொலைக்காட்சித் தொடர் ஒன்று. நான்கு டாங்கி வீரரும் ஒரு நாயும் என்பது அதன் பேர். 102 என்று இலக்கமிட்ட டீ-34, சாரிக் என்னும் நாய். அந்நாட்டுப் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாகப் பார்த்த தொடர். இன்னொரு செய்தியும் உண்டு. அதை நாம் அறிவோம், அவனிடம் சொல்லவில்லை. 1941இலும் அடுத்த ஆண்டிலும் ரஷ்யப் படையினர் நாய்களுக்கு டாங்கியின் அடியில் உணவு வைத்துப் பழக்கி, முதுகிலே வெடியைக் கட்டி எதிரியின் டாங்கியை நோக்கி விட்டார்கள். தம் டாங்கிகளைக் கொண்டே பழக்கியதனால் சில நாய்கள் தம் பக்கமே திரும்பி ஓடிவந்தன. பசித்த நாய்க்குத் தெரிந்தது பழகிய வண்டி மட்டுமே.

இரண்டாம் நாள் இரவு, சின்னம்மாவின் கோபத்தைத் தணிப்பதற்காகக் கோவிவன் கதையைச் சொன்னோம். தமிழ்நாட்டிலே திருவண்ணாமலைப் பக்கத்தில் எடுத்தனூர் என்றோர் ஊர். ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியில், மகேந்திரவர்ம பல்லவனின் முப்பத்துநான்காம் ஆட்சியாண்டில் அங்கே நடுகல் ஒன்று நட்டார்கள். கருந்தேவக்கத்தி என்னும் வீரன் மாடு மீட்கும் பூசலிலே பட்டான். அவனுடைய நாய், கோவிவன் என்று பேர், கள்வரைக் கடித்துக் காத்து நின்றது. கல்லிலே வீரனுக்குப் பின்னால் நாயின் உருவத்தையும் செதுக்கி, அதன் பேரையும் எழுதிவைத்தார்கள். ஆயிரத்து நானூறு ஆண்டுகளாக அந்தப் பேர் அழியவில்லை. கர்நாடகத்து ஆதகூர்க் கல்லும் அப்படியே. பத்தாம் நூற்றாண்டில் மணலேரன் என்னும் வீரன் தன் அரசனிடம் பரிசாக வேறொன்றும் கேளாமல் காளி என்ற வேட்டைநாயைக் கேட்டு வாங்கினான். நாய் காட்டுப்பன்றியோடு பொருது, இரண்டும் மாண்டன. அந்த நாய்க்கு நட்ட கல்லிலேதான், தக்கோலப் போரிலே சோழ இளவரசன் இராசாதித்தன் இறந்த செய்தியும் பொறித்திருக்கிறது. சோழன் சாவை அறிய ஆராய்ச்சியாளர் ஒரு நாயின் கல்லைப் படிக்கவேண்டியிருக்கிறது.

சின்னம்மா பாக்கு வெட்டியபடி கேட்டிருந்தார். “கல்லு நட்டவை சரி. ஆரும் டாங்கி நட்டவையோ?” என்றார். எழுந்து குசினிக்குள் போய்விட்டார்.

மூன்றாம் நாள் காலை பையன் சேறு பூசத் தொடங்கினான். பெட்டியோடு வந்த செங்கபிலத் தூளைக் கரைத்து, சில்லிலும் சங்கிலியிலும் அப்பினான். நாம் நன்றாயிருக்கிறது என்று தலையாட்டினோம். தும்புத்தடியோடு அப்பக்கம் வந்த சின்னம்மா நின்றார். மூன்று நாளாக அந்த மேசையை ஏறெடுத்தும் பாராதவர், குனிந்து பார்த்தார்.

“உது எங்கட மண்ணில்லை. சுன்னாகப் பக்கத்துச் செம்பாட்டு மண். நாய் கிடந்தது உந்த மண்ணிலையே?”

பையன் திகைத்தான். நாமும் திகைத்தோம். ரஷ்ய டாங்கிக்கு ரஷ்யச் சேறுதானே என்று பையன் முணுமுணுத்தான். சின்னம்மா அதைக் காதில் வாங்கவில்லை. “சேறு உப்பிடி ஒரே நிறமாயும் காயாது. விளிம்பு முதலிலை வெளுக்கும். நடுவிலை ஈரம் நிக்கும். நான் காணாத சேறே?” என்றார்.

சற்று நேரத்தில் மாமரத்தடியிலிருந்து ஒரு சிரட்டை மண் வந்தது. ஜிம்மி பகலெல்லாம் பள்ளம் தோண்டிக் கிடந்த இடத்து மண். மணல் கலந்த சாம்பல் நிறம். அதை அப்படியே பூசினால் ஆகாது என்பதைப் பையன் கணக்கோடு விளக்கினான். ஒரு மில்லிமீற்றர் மணல், டாங்கியின் கண்ணுக்கு மூன்றரைச் சென்ரிமீற்றர்க் கல். ஆகவே மாவினும் நுண்ணியதாக வேண்டும். மா அரிக்கும் அரிதட்டைத் தரச் சின்னம்மா சம்மதிக்கவில்லை. குடும்பத்தில் எவரும் அதைக் கேட்கத் துணியவும் கூடாது. பழைய வேட்டித் துண்டொன்றைக் கிழித்துத் தந்தார். பையன் மண்ணை வெயிலில் காயவைத்து, அம்மியிலன்று, ஒரு போத்தலின் அடியால் அரைத்து, வேட்டித் துண்டில் கட்டித் தட்டினான். புகைபோல இறங்கிற்று. சிரட்டை மண்ணுக்கு ஒரு தேக்கரண்டி தேறியிருக்கும். அதைக் கொஞ்சம் பசைநீரில் குழைத்து, அடியிலே தடிப்பாகவும் மேலே போகப்போக மெல்லிதாகவும் தொட்டுவைத்தான். சின்னம்மா பக்கத்தில் நின்று, இங்கே காயவிடு, அங்கே ஈரம் வை என்று சொல்லிக்கொண்டிருந்தார். மூப்பேற்றும் வித்தையில் ஐரோப்பியர் எழுதிய நூல்கள் பல உண்டென்று கேள்வி. எண்பது வயதில் ஒரு தென்மராட்சிப் பெண் அவற்றுக்கு எழுதக்கூடிய பிழைதிருத்தம் ஒன்றும் உண்டென்று கண்டோம்.

மேல்மூடி திறந்தபடி இருந்தது. அதற்குள் வீரன் எவனையும் பையன் வைக்கவில்லை. இரண்டு பாகம் பிசைந்து இறுகும் பசைமாவில் ஒரு நாயைப் பிடித்திருந்தான். உயரம் பதின்மூன்று மில்லிமீற்றர். ஜிம்மி நின்றால் தோள்வரை நாற்பத்தைந்து சென்ரிமீற்றர் என்று சுவரிலே முன்னொருநாள் பென்சிலால் கோடிட்டிருந்தானாம். அதை 35ஆல் வகுத்த அளவு. இடதுகாது மடிந்திருந்தது. முகம் அவ்வளவாகத் தேறவில்லை; கொஞ்சம் ஆட்டின் சாயல். அதை நாம் சொல்லவில்லை. சின்னம்மா சொன்னார்.

சொன்னவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். “உள்ளுக்கு ஆக்கள் ஒருத்தரும் இல்லையே?” என்று கேட்டார்.

“ஒருத்தரும் இல்லை அம்மம்மா. ஜிம்மி மட்டுந்தான்.”

“அப்ப இன்னொண்டும் செய். பின்னாலை ஒரு நாய் வை. மணிக்கு வால் நுனி வெள்ளை.”

பசைமா மீதியிருந்தது. அன்று பின்னேரம் பஸ்ஸைத் தவறவிட்டோம்.

புறப்படும் நேரத்தில் டாங்கி எங்கே இருக்கவேண்டும் என்ற வழக்கு எழுந்தது. விறாந்தை மேசையில் என்றான் பையன். வருகிறவர்கள் கண்ணில் படக்கூடாது என்றார் சின்னம்மா. கடைசியில் உள்ளறை அலுமாரியின் மேல், ஜிம்மியின் கழுத்துப்பட்டிக்குப் பக்கத்தில் இடம் கிடைத்தது. பையன் கதிரையில் ஏறி அதை வைத்து, அழகு பார்த்து இறங்கினான். சின்னம்மா வாசற்படியில் நின்று பார்த்தார், திருப்திப்படவில்லை.

“உந்தக் குழலை எங்கட பக்கம் வைக்காதை. சுவர்ப் பக்கம் திருப்பு.”

பையன் மறுபடி ஏறிக் குழலைத் திருப்பினான்.